ஒப்புரவும் ஒப்பந்தமும்

நல்ல காரியம் ஒன்றைச் செய்தவரிடம், "இதை எதற்காகச் செய்தீர்?" என்று கேட்பது நாகரிகம் இல்லை என்பார்கள். பழம் இனிக்கிறதா என்று பார்த்தால் போதாதா, மரத்தின் மனத்தை எதற்காக ஆராய வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தில் எனக்கும் ஓரளவு நம்பிக்கை இருக்கிறது. உலகத்தில் நடக்கிற நன்மையே கொஞ்சம். அதிலும், நோக்கம் பரிசுத்தமாக இருந்தால்தான் ஏற்றுக்கொள்வேன் என்று அடம் பிடித்தால் நமக்கு மிஞ்சப்போவது ஒன்றும் இராது. ஆனாலும் சில சமயங்களில் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது. ஏனென்றால், ஒரு நன்மை எவ்வளவு தூரம் போகும், எந்த வாசலில் வந்து நின்றுவிடும் என்பதை அதன் நோக்கம்தான் நமக்குச் சொல்கிறது.

பீட் ரோஸெல் என்ற அமெரிக்கரின் வாழ்க்கையைப் படித்தபோது இந்த விஷயம் என் மனத்தில் மீண்டும் எழுந்தது. அவர் ஞானியும் அல்லர், அரசியல் தலைவரும் அல்லர். அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீகை ஏறக்குறைய 30 ஆண்டுக் காலம் நிர்வாகம் செய்தவர். அந்த ஆட்டத்தை டெலிவிஷன் கம்பெனிகளுக்கு விற்றவர். சொல்லப்போனால் ஒரு வியாபாரி. ஆனால், பலவான் எளியவனோடு சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று பணக்கார முதலாளிகளிடம் போய்ச் சொன்னவர். சொல்லி, அவர்களைச் சம்மதிக்கவும் வைத்தவர். இப்படி ஒருவரைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியுமா?

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவான பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மறித்துக் கீழே தள்ளுவதுமான முரட்டு ஆட்டம் அது. தலைக்கும் தோளுக்கும் கவசம் மாட்டிக்கொண்டு, ஆளோடு ஆள் மோதுவார்கள். 1920-இல் தொடங்கிய அந்த லீகில் அநேகமாக ஒவ்வோர் அணிக்கும் ஒரு முதலாளி அல்லது ஒரு முதலாளிக் குடும்பம் உண்டு. அந்த முதலாளிகளுக்குப் பொதுவாக ஒரு நிர்வாகி. அவருக்குக் கமிஷனர் என்று பெயர்.

ரோஸெல் 1926-இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது கடற்படையில் இருந்தார். பிறகு ஸான் பிரான்ஸிஸ்கோ சர்வகலாசாலையில் படித்தார். படிக்கிற காலத்திலேயே விளையாட்டுச் செய்திகளைப் பத்திரிகைகளுக்குத் தயாரித்துக் கொடுக்கும் விளம்பர வேலை அவருக்குக் கைவந்துவிட்டது. அந்த வேலையாகவே லாஸ் ஏஞ்ஜல்ஸ் ராம்ஸ் என்ற அணியில் சேர்ந்து, 1957-இல் அதன் மானேஜரானார். 1959 அக்டோபரில், லீகின் கமிஷனராக இருந்த பெர்ட் பெல், பிலடெல்பியா மைதானத்தில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பால் சாய்ந்து இறந்துபோனார். அடுத்த ஜனவரியில் முதலாளிகள் மயாமி பீச்சில் ஒரு ஹோட்டலில் கூடினார்கள். ஒரு கட்சி சொன்ன ஆளை மறு கட்சி மறுக்க, 22 தடவை ஓட்டெடுத்தும் முடிவு ஏற்படவில்லை. 23-ஆம் தடவை, யாருக்கும் விரோதியாக இராத 33 வயது ரோஸெலைத் தேர்ந்தெடுத்தார்கள். கல்யாணப் பேச்சில் இரு வீட்டாரும் பேசிப் பேசிச் சலித்துப்போன பிறகு, 'சரி, இந்தப் பையனே இருக்கட்டும்' என்று முடிப்பதில்லையா, அப்படித்தான்.

அந்தச் சமயத்தில் டெலிவிஷன் அமெரிக்க வீடுகளுக்குள் புகுந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டிருந்தது. ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமையை ஒவ்வோர் அணியும் தனித்தனியே பேரம் பேசி விற்றுவந்தது. 1960-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நியூயார்க் நகரத்தின் ஜனத்தொகை ஏறக்குறைய 78 லட்சம். லீகிலேயே மிகச் சிறிய ஊரான கிரீன் பேயின் ஜனத்தொகை 63 ஆயிரத்துக்கும் குறைவு. விஸ்கான்ஸின் மாகாணத்தில், வருஷத்தில் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் ஊர் அது. அந்த ஊர் அணிக்குத் தனி முதலாளிகூட இல்லை. ஊரார் பங்கு போட்டு நடத்துகிற அணி. விளம்பரக்காரன் பார்ப்பவர்களை எண்ணித்தானே பணம் கொடுப்பான்? நியூயார்க் அணிக்குக் கிடைப்பதும் கிரீன் பே அணிக்குக் கிடைப்பதும் ஒன்றாக இருக்க முடியுமா? அந்த வழியே விட்டிருந்தால் சிறிய ஊர்களின் அணிகள் ஒவ்வொன்றாக நலிந்து போயிருக்கும்.

ரோஸெல் முதலாளிகளிடம் பேசினார். இனி யாரும் தனியாக விற்க வேண்டாம். எல்லாருக்குமாக லீகே விற்கட்டும். வருகிற பணத்தைப் பெரிய ஊர், சிறிய ஊர் என்று பாராமல் சமமாகப் பிரித்துக்கொள்வோம் என்றார். இந்த யோசனை முற்றிலும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்வது சரித்திரத்துக்கு நியாயம் ஆகாது. புதிதாகத் தோன்றியிருந்த போட்டி லீக் ஒன்று 1960-லேயே அவ்வாறு விற்றுப் பங்கிட்டுக்கொண்டது. ஆனால் அங்கே யாரிடமும் இழப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. கையில் இருப்பதை விட்டுக் கொடுக்கும்படி ஒருவனைச் சம்மதிக்க வைப்பதுதான் சிரமம். அதிகமாக இழக்கக் கூடியவர்கள் நியூயார்க் அணியின் உரிமையாளர்களான மாரா சகோதரர்கள். அவர்களில் ஒருவரான வெலிங்டன் மாரா, லீகின் பலம் அதன் மிக நலிந்த அணியின் பலத்தைப் பொறுத்தது என்ற கருத்தை ஏற்றுக்கொண்டார். அவர் இணங்கியபின் மற்றவர்கள் இணங்குவது எளிதாயிற்று.

சட்டம் குறுக்கே வந்தது. இது போட்டியைத் தடுக்கும் கூட்டுச் சதி என்று 1961 ஜூலையில் பிலடெல்பியாவில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். ரோஸெல் வாஷிங்டனுக்குப் போய் வேண்டிய ஆதரவைத் திரட்டினார். இரண்டே மாதத்தில் அமெரிக்க காங்கிரஸ் புதுச் சட்டம் இயற்றி, செப்டம்பர் 30-இல் ஜனாதிபதி கென்னடி கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு ஸி.பி.எஸ். கம்பெனி வருஷத்துக்கு 46½ லட்சம் டாலர் கொடுத்தது. அது 14 அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது. 1964-இல் தொகை வருஷத்துக்கு 1 கோடியே 41 லட்சம் டாலராக உயர்ந்தது.

கிரீன் பே என்ன ஆயிற்று? 1961 முதல் 1967 வரையிலான ஏழு ஆண்டுகளில் ஐந்து தடவை சாம்பியன் ஆயிற்று. இன்றைக்கும் அந்த அணி அதே ஊரில்தான் இருக்கிறது. 2024-இல் அது வெளியிட்ட கணக்கின்படி லீகிலிருந்து அதற்கு வந்த பங்கு 40 கோடி டாலருக்கும் மேல். நம் நாட்டுக் கிரிக்கெட் லீகிலும் இன்று அணிகள் ஒளிபரப்பைத் தனித்தனியே விற்பதில்லை. வாரியமே விற்று அணிகளுக்குப் பங்கு கொடுக்கிறது.

திருக்குறளில் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இருப்பவன் இல்லாதவனோடு இசைந்து பகிர்ந்து வாழும் பண்பைச் சொல்வது அது. அப்படியானால் ரோஸெல் செய்தது ஒப்புரவுதானே என்று வாசகர் கேட்கலாம். அவர் முதலாளிகளிடம் சொன்ன காரணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மளிகைக் கடைக்காரர் எதிர்க்கடை மூடிவிட்டால் சந்தோஷப்படுவார். ஆட்டத்தில் அது நடவாது. எதிரி இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. எதிரி மிகவும் சோனியாக இருந்தாலோ பார்க்க ஆள் வராது. ஆகையால் எதிரிக்குச் சோறு போட்டு வளர்ப்பது நம் முதலுக்கே நல்லது. இது கணக்கு, மிகவும் நல்ல கணக்கு. ஆனால் கணக்குத்தான். ஆய் என்ற வள்ளலைப் பாட வந்த சங்கப் புலவர் ஒருவர், பிற்பாடு பலன் கிடைக்கும் என்பதற்காக அறம் செய்கிற வியாபாரி அல்லன் அவன் என்று பாராட்டினார். அப்படியானால் அறத்தில் வியாபாரம் செய்கிறவர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுகளாக இருந்துவருகிற ஜாதிதான் இது.

அந்த வியாபாரியை நான் இகழ மாட்டேன். பத்து வருஷம் தள்ளி வரப்போகிற லாபத்துக்காக இன்றைய லாபத்தை விட்டுக் கொடுக்கிறவன் அபூர்வமான மனிதன். ரோஸெலிடம் நெஞ்சுறுதியும் இருந்தது. 1963-இல், சூதாட்டத்தில் பந்தயம் கட்டினார்கள் என்பதற்காக, ரசிகர்களின் கண்ணுக்குக் கண்ணாக இருந்த பால் ஹார்னங், அலெக்ஸ் காரஸ் இருவரையும் ஆட்டத்திலிருந்து தள்ளி வைத்தார். தம் அணி தோற்பதற்காக அவர்கள் பந்தயம் கட்டியதாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் ஒரு பருவம் முழுவதும் அவர்கள் வெளியே நிற்க வேண்டியிருந்தது. கடைச் சரக்கின் மேல் சந்தேகம் விழக் கூடாது என்பதும் ஒரு வியாபாரக் காரணம்தான் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும். அந்தக் காரணத்துக்காகக்கூட நஷ்டப்படத் துணிகிறவர்கள் எத்தனை பேர்?

ஆனால் அதே 1963-இல் இன்னொரு விதியும் பிறந்தது. அமெரிக்கர்கள் அதற்கு 'ரோஸெல் விதி' என்றே பெயர் வைத்தார்கள். காண்ட்ராக்ட் முடிந்த ஓர் ஆட்டக்காரன் வேறு அணிக்குப் போகலாம், தடை இல்லை. ஆனால் அவனை எடுத்துக்கொள்கிற அணி, பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும். எவ்வளவு ஈடு என்பதில் இரு அணிகளுக்கும் ஒத்துவராவிட்டால் கமிஷனர் முடிவு செய்வார். எவ்வளவு கேட்பாரோ என்று பயந்து யாரும் எடுத்துக்கொள்ள முன்வர மாட்டார்கள். 1963 முதல் 1974 வரை 176 ஆட்டக்காரர்கள் காண்ட்ராக்டை முடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்களில் வேறு அணியில் இடம் கிடைத்தவர்கள் 34 பேர்தாம். கதவுக்குப் பூட்டுப் போடவில்லை. வெளியே காவலாளியை மட்டும் நிறுத்தியிருந்தார்கள்.

நான்கு அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர் பெருந்தன்மையாக, 'தோட்டத்து மாமரத்தின் காயைக்கூட நாலாக எண்ணிப் பிரிப்போம்' என்கிறார். ஊரே மெச்சுகிறது. கோர்ட்டு இல்லை, கச்சேரி இல்லை. எவ்வளவு ஒற்றுமையான குடும்பம்! ஆனால் அந்த நிலத்தைத் தலைமுறையாக உழுதவன் வாசலில் நிற்கிறான். அவனுக்குக் கூலி அரை மரக்கால் கூடப் போடலாமா என்ற பேச்சு வந்தால், நான்கு பேரும் அதே ஒற்றுமையோடு 'கூடாது' என்கிறார்கள். எந்த ஒற்றுமையை ஊர் மெச்சியதோ, அதே ஒற்றுமைதான் இங்கே உழுதவனின் கழுத்தை நெரிக்கிறது.

ஆட்டக்காரன் இல்லாமல் மட்டும் ஆட்டம் நடந்துவிடுமா? நடவாது. ஆயினும் கிரீன் பேக்குக் கிடைத்த சமபங்கு அவனுக்கு ஏன் கிடைக்கவில்லை? கிரீன் பேக்கு ஓட்டு இருந்தது. அது 'மாட்டேன்' என்று சொன்னால் திட்டம் நின்றுபோகும். ஆட்டக்காரனுக்கு ஓட்டும் இல்லை, போக்கிடமும் இல்லை. அவன் 'மாட்டேன்' என்றால் அவன் வீட்டில்தான் அடுப்பு எரியாது. என் மனத்துக்குப் பட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். மறுக்கக் கூடியவனோடு பங்கிட்டுக்கொள்வது ஒப்பந்தம். மறுக்க வழியற்றவனோடும் பங்கிட்டுக்கொள்வதே ஒப்புரவு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாசலில் நிற்கிறவனைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். பால்டிமோர் அணியின் ஜான் மேக்கி என்ற ஆட்டக்காரர், ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்து, மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு ரோஸெல் விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1976-இல் மேல் கோர்ட்டும் அந்த விதி சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. 1982-இல் ரோஸெல் ஐந்து ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 200 கோடி டாலருக்கு ஒளிபரப்பை விற்றார். அதே ஆண்டில் ஆட்டக்காரர்கள், மொத்த வருமானத்தில் 100-க்கு 55 பங்கு தங்களுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். முதலாளிகள் தங்களுக்குள் எதைச் செய்துகொண்டு இருபது ஆண்டுகளாகப் பெருமைப்பட்டார்களோ, அதைத்தான் இவர்களும் கேட்டார்கள். கிடைக்கவில்லை. 57 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. 1987-இல் மறுபடியும் வேலைநிறுத்தம். அந்தத் தடவை முதலாளிகள் வேறு ஆட்களைப் பிடித்து ஆட்டத்தை நடத்தினார்கள். வழக்கு மேல் வழக்காக நடந்து, 1993-இல்தான் ஆட்டக்காரர்களுக்கு வருமானத்தில் பங்கும், அணி மாறும் உரிமையும் வந்தன. 2020-இல் ஏற்பட்ட உடன்பாட்டில் அந்தப் பங்கு 100-க்கு 48 என்று ஆயிற்று. அவர்களும் மறுக்கக் கூடியவர்கள் ஆன பிறகுதான் வட்டம் விரிந்தது.

ரோஸெலின் வாழ்க்கையில் இன்னும் ஒரு நாளைச் சொல்ல வேண்டும். 1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை, கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை ஏழு ஊர்களில் ஏழு ஆட்டங்கள் நடக்க வேண்டும். போட்டி லீக் தன் ஆட்டங்களைத் தள்ளி வைத்தது. ரோஸெல், கென்னடியின் பத்திரிகைச் செயலாளரான பியர் ஸாலிஞ்சரைத் தொலைபேசியில் கலந்தார். இருவரும் ஒரே சர்வகலாசாலையில் படித்தவர்கள். நடத்தலாம் என்றார் அவர். ஜனாதிபதியின் சடலத்தைத் தலைநகர வீதியில் எடுத்துச் சென்ற அதே ஞாயிறன்று ஏழு ஆட்டங்களும் நடந்தன. டெலிவிஷனில் அவை வரவில்லை. கம்பெனி முழு நேரமும் துக்கச் செய்தியையே ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. ஆகவே, அவர் காசுக்காக அப்படிச் செய்தார் என்று சொல்வது அநியாயம். அந்த முடிவுக்காகப் பிற்காலத்தில் அவரே வருந்தினார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: அந்த 1963-ஆம் ஆண்டுக்குரிய சிறந்த விளையாட்டு மனிதர் என்று ஒரு பெரிய விளையாட்டுப் பத்திரிகை அவரைத்தான் தேர்ந்தெடுத்தது.

அந்த நாளைப் பற்றி நினைக்கும்போது எனக்கு அவர்மேல் கோபத்தைவிட இரக்கமே உண்டாகிறது. எதிர்த் தரப்போடு பேசி இணக்கம் காண்பதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. அன்றைக்கோ எதிர்த் தரப்பே இல்லை. துக்கம் வந்து மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேரம் பேசுமா? யாருடைய சம்மதத்தைக் கேட்பது என்று தெரியாமல், ஒரு சிநேகிதரைக் கேட்டார். கணக்கு ஒன்றையே விளக்காகப் பிடித்துக்கொண்டு நடந்து பழகிய நல்ல மனிதர்களுக்கும் இப்படி ஒரு நாள் வந்துவிடுகிறது. அன்று அந்த விளக்கில் எண்ணெய் இருப்பதில்லை.

ரோஸெல் 1989-இல் ஓய்வு பெற்று, 1996-இல் காலமானார். 2021-இல் லீக் செய்துகொண்ட ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் 11 ஆண்டுகளுக்கு 11,000 கோடி டாலர் அளவில் என்று செய்தி வந்தது. அவர் கட்டிய வீடு இன்னும் உறுதியாகத்தான் நிற்கிறது.

ஜான் மேக்கியின் முடிவு வேறு விதமானது. மூளை நலிவு நோயால் அவருக்கு ஞாபகம் மங்கியது. தினசரிக் காரியங்களுக்கே பிறர் உதவி வேண்டியதாயிற்று. அந்த நிலையில் அவருக்குக் கையில் ஓட்டும் இல்லை, கேட்பதற்கு வாயும் இல்லை. அவருடைய மனைவி லீகின் கமிஷனருக்கு ஒரு கடிதம் எழுதினார். 2007-இல் லீகும் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து, அத்தகைய நோயுற்ற பழைய ஆட்டக்காரர்களின் பராமரிப்புக்காக வருஷத்துக்கு 88,000 டாலர் வரை கொடுக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள். மேக்கி அணிந்த சட்டையின் எண் 88. அந்த எண்ணையே திட்டத்தின் பெயராகவும் வைத்தார்கள். மேக்கி 2011-இல், 69-ஆம் வயதில் இறந்தார்.

இதிலும் ஒரு கணக்கு இருந்திருக்கக்கூடும். காலம் கடந்துதான் வந்தது என்பதும் உண்மை. ஆனாலும் எந்தக் கோர்ட்டும் கட்டளையிடாமல், யாரும் வேலைநிறுத்தம் செய்யாமல், ஒரு பெண்ணின் கடிதத்துக்குப் பின்னால் வந்தது அது. சமபங்கு போட்ட பெரிய ஒப்பந்தங்கள் அனைத்தையும்விட, இந்தச் சிறிய ஏற்பாடுதான் வள்ளுவர் சொன்ன சொல்லுக்குக் கொஞ்சம் அருகில் வருகிறது என்று நினைக்கிறேன். நம் வீட்டிலும், நாம் வேலை செய்கிற இடத்திலும் நியாயமாகத்தான் பங்கு போடுகிறோம் என்று நமக்கு ஒரு திருப்தி இருக்கிறது. அது வாஸ்தவமாகவும் இருக்கலாம். அந்தப் பங்கீட்டின்போது வாசலில் யார் நின்றார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு அந்தத் திருப்தியை வைத்துக்கொள்வோம்.